ஃபேன் வேண்டாம்

"மேடம், அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்திடலாமா?"

டாக்டர் காவேரி நிமிர்ந்து பார்த்தார். வெளியே சித்திரை வெயில். தேவராஜ மொஹல்லா கடைத்தெருவின் ஆட்டோ சத்தம் மாடிவரை வந்துகொண்டிருந்தது.

"குளிருதா?"

"கொஞ்சம்" என்றான் மகேந்திரன்.

அவர் ஃபேனை நிறுத்தினார். மேசை மேல் இருந்த இரண்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளையும் மறுபடி படித்தார்.

"இதுதான் எனக்குப் புரியல. இந்த ரிப்போர்ட் இருக்கறவர் ஃபேனை இன்னும் வேகமா வைங்கன்னு கேட்கணும்."

மகேந்திரனுக்குப் பக்கத்தில் தீபா உட்கார்ந்திருந்தாள். வைகாசியில் அவர்களுக்குக் கல்யாணம். அவளுக்கு அடுத்து அவளுடைய தாய்மாமன் லிங்கப்பன். கௌதள்ளியிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர்.

"என்னன்னு எங்களுக்கும் வெளங்கற மாதிரி சொல்லுங்க மேடம்" என்றார் லிங்கப்பன்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு ஒரு அடுப்புன்னா, அது எவ்வளவு எரியணும்னு சொல்றது அந்தச் சுரப்பியோட ஹார்மோன். இவர் ரிப்போர்ட்ல அது ரொம்ப அதிகம். அப்படின்னா அடுப்பு திகுதிகுன்னு எரியணும். எவ்வளவு சாப்பிட்டாலும் இளைக்கணும். நெஞ்சு படபடக்கணும். கை நடுங்கணும்."

"மாப்பிள்ளைக்கு நிச்சயத்துக்கு எடுத்த சட்டையே இப்பப் பத்தலைங்களே."

"மாமா" என்றாள் தீபா.

"கையை நீட்டுங்க" என்றார் டாக்டர். மகேந்திரன் நீட்டினான். விரல்களின் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். அசையவில்லை. நாடி பார்த்தார். நிதானமாக ஓடியது. எழுந்து அவன் பின்னால் போய்க் கழுத்தை இரண்டு கைகளாலும் தடவினார். அவன் தோள்களைச் சுருக்கிக்கொண்டான். தலையை மட்டும் அசைக்கவில்லை.

"கூச்சமா?"

"ஆமா மேடம்."

"வீக்கமும் இல்ல." அவர் நாற்காலிக்குத் திரும்பினார். "நோடி, இங்க பாருங்க, லேப் தப்புன்னு நினைச்சுத்தான் வேற லேபுக்கு அனுப்பினேன். அதுலயும் இதே நம்பர். உடம்பு ஒண்ணு சொல்லுது, ரத்தம் ஒண்ணு சொல்லுது. ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்ல மேடம்."

"லேகியம்? ஜிம் பவுடர்? இளைக்கறதுக்கு ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"இன்னொண்ணு இருக்கு. முடி கொட்டுதுன்னு ஒரு வைட்டமின் மாத்திரை சாப்பிடுவாங்க. உடம்பை ஒண்ணும் செய்யாது. லேப் மிஷினை மட்டும் ஏமாத்திடும். நாலு நாள் நிறுத்தினா ரிப்போர்ட் சரியாயிடும்." டாக்டர் முதன்முறையாகச் சிரித்தார். "ஆனா இவ்வளவு முடி வெச்சிருக்கற உங்ககிட்ட அதைக் கேட்டா எனக்கே சிரிப்பு வரும்."

லிங்கப்பனும் சிரித்தார். "இந்தத் தலையப் பார்த்துத்தானுங்க எங்க அக்கா சரின்னு சொன்னதே. என்ற தலையில இருக்கறத ஒக்காந்து எண்ணிப்போடலாம்."

மகேந்திரன் சிரிக்கவில்லை.

"ஒரு ஸ்கேன் எடுக்கலாம்" என்றார் டாக்டர். "அதுலயும் தெரியலன்னா பெங்களூர்ல காட்டணும். வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட வேண்டி வரலாம். நிச்சயமா இப்ப எதுவும் சொல்ல முடியல."

லிங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்பக் கல்யாணம் வேண்டாமுங்க."

"மாமா, என்ன பேசறீங்க?"

"நீ இரு கண்ணு. டாக்டரம்மாவுக்கே வெளங்காத நோவு. நாளைக்குப் பத்திரிகை அடிக்கக் குடுக்கோணும். எத நம்பிக் குடுக்கறது? உங்க அக்கா புருசனுக்கு இருந்த சர்க்கரை நோவ மறைச்சுக் கட்டி வெச்சுப்போட்டாங்க. இன்னிக்கு அவ படறது எனக்குத்தான் தெரியும். அதுக்குத்தானே ரெண்டு பேருக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னேன்."

"அவர் ஒண்ணும் மறைக்கலையே மாமா. கூப்பிட்ட உடனே வந்து ரத்தம் குடுத்தார். ஒருதரம் இல்ல, ரெண்டுதரம்."

"நான் மாப்பிள்ளையக் குத்தம் சொல்லல. நோவு இருக்குதுன்னு சொல்றேன்."

"இருந்தா பார்த்துக்கலாம். எனக்கு இவர்தான்."

"ஒங்க அம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ. நான் பஸ் ஏறறேன்."

அவர் எழுந்து கதவுவரை போனார். டாக்டர் ரிப்போர்ட்டுகளை மடித்தார். தீபா மகேந்திரனைப் பார்த்தாள். அவன் காதோரம் ஒரு வியர்வைத் துளி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று. குளிருகிறது என்றவனுக்குச் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"மாமா, நில்லுங்க" என்றான் மகேந்திரன். "எனக்கு நோவு இல்ல."

லிங்கப்பன் திரும்பினார்.

மகேந்திரன் இரண்டு கைகளையும் தலைக்குக் கொண்டுபோனான். கிளிப்புகள் விடுபடும் சத்தம் கேட்டது. முடியை மொத்தமாகக் கழற்றி, ரிப்போர்ட்டுகளின் மேல் வைத்தான்.

தீபா எழுந்து போய் ஃபேனைப் போட்டாள்.