பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

அணையின் உபரிநீர் மதகு உடைந்துவிட்டது என்ற செய்தி வந்த அரைமணிக்குள் தெருவே காலியாகிவிட்டது. யார் சொன்னால் கேட்பார்களோ அவர்கள் குரலில்தான் இப்போதெல்லாம் அரசாங்கத்தின் எச்சரிக்கை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மாட்டியிருந்த ஸ்பீக்கரில் வந்தது. எதிர்வீட்டு மாசானத்தை, துபாயில் இருக்கும் மகளின் குரல் அழுது கிளப்பியது. மூலைக்கடை செல்லையாவை, செத்துப்போன அம்மா திட்டித் தீர்த்தாள். மனுஷன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

ஆவுடையப்பன் வீட்டில் அவர் மனைவி சொர்ணம் பேசினாள். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது.

"ஆவுடையப்பன், வெள்ளம் வருகிறது. உடனே வெளியேறுங்கள்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது வருஷத்தில் அவள் ஒருநாளும் அவர் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்ல வைப்பாள். கூப்பிடுவதென்றால் 'இந்தாங்க'தான். இப்போது அந்தக் குரலில் கொஞ்சமும் வெட்கமில்லை. அவருக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அதே குரல், அதே பேர். ஆள் வாசலைத் தாண்டினால்தான் நிற்கும். அவர் நாற்காலியைச் சுவரிலிருந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது.

மீட்புப் படகிலிருந்த பெண் ஜன்னல் வழியாகக் கத்தினாள். "ஐயா, இவ்வளவு நேரமா உள்ள கூப்பிடுதாங்களே, காதுல விழலையா? வெளிய வாங்க!"

"விழுது தாயி," என்றார் அவர். "வந்துட்டா நிறுத்திருவாளே."