தூங்கி எழுந்தப்பதான்

கலியபெருமாளின் முகம் இடது தோளைப் பார்த்து நின்றுபோய் ஒரு மாதமாகிறது.

"இன்னா, பொண்டாட்டி மேல கோவமா? மூஞ்சத் திருப்பிக்கினு ஒக்காந்திருக்க" என்றாள் ஸ்கேன் அறை ஆயா. சிரிக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனி வேலை. சுடாத பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளைப் பலகையோடு தலையில் சுமந்து சூளைக்குக் கொண்டுபோக வேண்டும். கழுத்து வலி பழகியதுதான். இப்படிப் பூட்டிக்கொண்டதில்லை.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கழுத்தின் முதல் எலும்பு இரண்டாவது எலும்பின் மேல் திரும்பி மாட்டிக்கொண்டிருந்தது.

"சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் வரும். பெரியவங்களுக்கு வர்றது அபூர்வம். எங்கயாவது விழுந்தீங்களா? யாராவது கழுத்தப் புடிச்சித் திருகினாங்களா?"

"இல்ல சார். தூங்கி எழுந்தேன், இப்படி ஆயிருந்துச்சு."

"உண்மையச் சொல்லுங்க. திருகினதுன்னா வெயிட்டு கட்டி மெதுவா இழுத்தே சரிபண்ணிப் பாக்கலாம். தானா வந்துதுன்னா உள்ள கிருமியோ கட்டியோ இருக்கலாம். கழுத்துல ஊசி விட்டு எடுத்துப் பாக்கணும்."

ஊசி என்றதும் அவன் கை தானாகக் கழுத்தை மூடிக்கொண்டது.

அவன் மனைவி திரௌபதி அவனுக்கு வலப்பக்கம் நின்றிருந்தாள். அந்தப் பக்கம் அவனால் பார்க்க முடியாது.

"தூங்கி எழுந்தப்பதான் சார்."

டாக்டர் ஊசிக்கு எழுதினார். "யாரையும் இவர் கழுத்துல கை வைக்க விடாதீங்கம்மா. நரம்பு நசுங்கினா கை கால் விளங்காமப் போயிடும்."

"சரிங்க." அவள் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவளுடைய போன் அடித்தது. சொந்தக்காரி பெரியம்மாள். அவள் கத்துவது பக்கத்தில் இருந்தவனுக்கும் கேட்டது.

"திரௌபதி, வூட்லதான இருக்க? மருமவளுக்குக் கழுத்து புடிச்சிக்கிச்சு. ஒங்கையால ஒரு திருகு திருகினா உட்டுடும்னு பெண்ணாடத்துல பஸ்ஸு ஏத்திட்டேன்."

திரௌபதி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அவள எறங்கிடச் சொல்லு. இனிமே யார் கழுத்தையும் நான் தொடமாட்டேன்."

"ஏன்டி, ஒனக்கு இன்னா கிராக்கி ஏறிப்போச்சா?"

அவள் போனை அணைத்தாள்.

"உடு. ஒரு ஊசிதான, போட்டுக்கறேன்" என்றான் கலியபெருமாள், சுவரைப் பார்த்தபடி.

பெஞ்சில் அவள் இருந்த பக்கம் லேசானது. செருப்புச் சத்தம் டாக்டர் அறைப் பக்கம் போனது.