வெடி கேட்டு வருபவன்

முழங்கால் உயரப் புல்லுக்குள் கயிறு மறைந்திருந்தது. தவமலர் விரலை நீட்டிக் காட்டிய பிறகுதான் ரிஸ்கானின் கண்ணில் அது பட்டது.

மிருகங்கள் மடுவுக்குத் தண்ணீர் குடிக்க வரும் தடம் அது. கயிற்றின் ஒரு நுனி குற்றியில் கட்டியிருந்தது. மறு நுனி, வீரை மரத்தடியில் இலை குழை போட்டு மூடிய துவக்கின் விசையில்.

கட்டுத்துவக்கு. சுடுவதற்கு ஆள் தேவையில்லை. கயிற்றில் எது தட்டினாலும் வெடிக்கும்.

"இது இங்க கிடக்கெண்டு எப்பிடியக்கா தெரியும்?"

"தேன் பாக்க வந்த நேரம் கண்டன்."

ரிஸ்கான் வனசீவராசி அலுவலர். ஓட்டமாவடிக்காரன். அந்தச் சீருடை வருகிறது என்றாலே தவமலரின் குடியிருப்பில் வேட்டை நாய்களை அவிழ்த்துக் காட்டுக்குள் துரத்திவிடுவார்கள். காலங்காலமாகக் காட்டை நம்பி இருந்த வேடர் சனம். நேற்று அவள் தானாகவே நடந்து போய் அவனுடைய அலுவலக வாசலில் நின்றபோது அவன்தான் முதலில் பயந்து போனான்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அயல் வீட்டு இரத்தினம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு கிழமைதான் ஆகிறது. கிழங்கு கிண்டப் போனவள், கட்டுத்துவக்கு வெடித்து ஒரு காலோடு திரும்பி வந்தாள். கட்டினது யார் என்று குடியிருப்பில் எல்லோரிடமும் கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் தவமலரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குமா தெரியாதுகா?"

தவமலர் அவளுக்குக் கஞ்சி ஊட்டினாள்.

ரிஸ்கான் துவக்கைக் கழற்றக் குனிந்தான். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"இதைக் கொண்டுபோனா நாளைக்கு வேறொண்டு கட்டுவான் சேர். ஆளைப் பிடிக்கணும். வெடி கேட்டா இறைச்சி எடுக்க வருவான்."

அவன் யோசித்தான். பிறகு தொலைபேசியை எடுத்து, வீதியில் ஜீப்போடு நின்ற இருவரையும் நடந்து வரச் சொன்னான். அவர்கள் வந்த பிறகு வெடிக்க வைப்பது என்று முடிவாயிற்று.

அதற்குள் அவள் நீளமான காட்டுக்கொடி ஒன்றை அறுத்து, மூச்சை அடக்கிக் கயிற்றில் முடிந்தாள். கொடியின் மறு நுனியைப் பிடித்தபடி, துவக்கின் வாய்க்கு எட்டாத பக்கத்தில், பெரிய பாலை மரத்தின் பின்னால் வந்து படுத்தாள். அவனும் பக்கத்தில் படுத்தான்.

காலை வெயில் மடுவில் இறங்கத் தொடங்கியிருந்தது.

"கோவிக்காதங்கக்கா. இந்தக் காட்டில வேட்டையாடுற எல்லாரும் உங்கட சனம்தானே?" அவன் மெதுவாகக் கேட்டான்.

"எங்கட ஆக்கள் தெய்வத்துக்குச் சொல்லிப்போட்டு, கண்ணால கண்டு அடிக்கிற. குட்டி வயித்தில கிடந்தா விட்டிருவம். இந்தச் சனியனுக்குக் கண் இருக்கா சேர்?"

"சட்டத்துக்கு அதுவும் பிழைதான்."

"அதுக்கு வேறொரு நாள் வந்து என்னப் பிடிங்க."

அவன் சிரிப்பை அடக்கும்போது புதர் அசைந்தது.

மான். பிணை. வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, நடை தளர்ந்திருந்தது. நின்று காற்றை மோந்தது. பிறகு தடத்தில் இறங்கி மடுவைப் பார்த்து நடந்தது.

ஜீப்காரர்களை இன்னும் காணவில்லை.

ரிஸ்கான் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மானின் முன்னங்கால் கயிற்றை நெருங்குமுன் கொடியைச் சுண்டி இழுத்தாள்.

காடு அதிர்ந்தது. மான் ஒரே பாய்ச்சலில் பற்றைக்குள் மறைந்தது. மடுவில் நின்ற கொக்குகள் எல்லாம் வெள்ளையாக மேலெழுந்தன. எதிரே நின்ற மரத்தில் பட்டை பிய்ந்து பால் வடிந்தது. இரத்தினம்மாவின் முழங்கால் உயரத்தில்.

"இனிச் சத்தம் போடாதங்க," என்றாள்.

கொக்குகள் திரும்பி வந்து இறங்கின. வெடிமருந்துப் புகை புல்லோடு படிந்து கரைந்தது. அவள் தடத்தின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியை இன்னும் கைவிடவில்லை. அது உள்ளங்கையை அறுத்திருப்பதை ரிஸ்கான்தான் கண்டான்.

முதலில் சருகு மிதிபடும் சத்தம். பிறகு ஒரு நாய்.

செம்மண் நிற நாய். இரத்தம் தேடித் தடத்தில் மூக்கை வைத்து ஓடிவந்தது. துவக்கடியில் ஒரு சுற்றுச் சுற்றியது. சட்டென்று தலையைத் தூக்கிக் காற்றை மோந்தது.

ரிஸ்கான் மூச்சை அடக்கினான். குரைத்தால் எல்லாம் போயிற்று.

அது குரைக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு நேரே பாலை மரத்தடிக்கு வந்தது. தவமலரின் முகத்தை நக்கியது. பிறகு, தன் இடம் அதுதான் என்பது போல அவள் விலாவோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

தடத்தின் வளைவில், தோளில் உரப்பையும் கையில் கத்தியுமாக ஓர் ஆண் வந்துகொண்டிருந்தான். நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

நேற்று முன்தினம் அந்த ஆள் தங்கள் பிள்ளையின் தலையில் கைவைத்து, துவக்கை மடுவில் எறிந்துவிட்டதாக அவளிடம் சத்தியம் பண்ணியிருந்தான்.

ரிஸ்கான் நாயைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"என்ட மனிசன்தான்," என்றாள் தவமலர். "எழும்புங்க சேர்."

ரிஸ்கான் எழும்பவில்லை.

அவள்தான் முதலில் எழும்பினாள்.