பதினொரு பதக்கங்கள்

"அண்ணே, உங்க கால்ல விழறேன். அவர் போயிட்ட விஷயத்தை மாமா காதுல மட்டும் போட்டுடாதீங்க. தெரிஞ்சா தாங்கமாட்டார்!"

பட்டாளத்தாரின் மருமகள் போனில் அழுதுவிட்டு வைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் பட்டாளத்தாரே கோட்டும் பதக்கப் பெட்டியுமாகத் தையல் கடைக்குள் வந்து நின்றார்.

தையல்காரருக்குப் பகீரென்றது. எல்லையிலிருந்த மகன் இறந்து மூன்று வாரம். கிழவர் இதய ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது.

போதாக்குறைக்குச் சுவரில் வேறு ஒருவரின் கோட்டு, வலது மார்பில் பதக்கங்களோடு தொங்கியது. தான் வாங்கிய பதக்கம் என்றால் இடது மார்பு. செத்துப்போன சொந்தக்காரருடையது என்றால் வலது. பட்டாளத்துக் குடும்பங்களில் அதுதான் வழக்கம். அவசரமாக அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார்.

"நாளைக்கு அணிவகுப்பு, டைலர். பதினொண்ணும் வரிசை மாறாம நிக்கணும். முப்பத்திரண்டு வருஷச் சம்பாத்தியமாக்கும்!"

"ஜமாய்ச்சுடலாம் ஐயா."

பதக்கம் மாட்டுவதற்கான நூல் வளையங்களை இடது மார்பில் தைக்க ஆரம்பித்தார்.

"என் பையன்கிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அப்பனைப் பிடிக்கணும்னா அவன் இன்னொரு தடவை பொறந்து வரணும்!"

ஊசி நறுக்கென்று விரலில் ஏறியது.

"தம்பி... சௌக்கியம்தானே?" நாக்கு சும்மா இருக்கிறதா! கேட்ட பிறகுதான் தையல்காரர் அதைக் கடித்துக்கொண்டார்.

"அவனுக்கென்ன! தினமும் போன்ல சேதி அனுப்பறானாம். மருமக படிச்சுக் காட்டறா. நல்லா இருக்கானாம், சாப்பாடு பிரமாதமாம்."

அப்பாடா, தப்பித்தோம் என்று தையல்காரர் மூச்சு விட்டார். பதினோராவது வளையத்துக்கு முடிச்சுப் போட்டு நூலைக் கத்தரித்தார்.

பட்டாளத்தார் சட்டைப்பையிலிருந்து இன்னொரு பதக்கத்தை எடுத்தார்.

"இதுக்கும் ஒரு வளையம். வலது பக்கம்."

கத்தரிக்கோல் தரையில் விழுந்தது.

"ஐயா... உங்களுக்கு யார் சொன்னது?"

"எந்தப் பட்டாளத்துலய்யா சாப்பாடு பிரமாதமா இருக்கும்? முப்பத்திரண்டு வருஷம் தின்னவன்யா நான்!" கிழவரின் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டின் உட்புறத்தைப் பிரித்துக் காட்டினார்.

"உள்ளே தைங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா என் மருமக தாங்கமாட்டா."