டேரிலுக்கு ஒரு பூசை

“இந்த மாசமும் டேரிலுக்குத்தானே பூசை?” மாதா கோயில் ஆபீஸில் பூசைப் பதிவேட்டைத் திறந்தபடி நட்டாலி கேட்டாள்.

“ஆமா.” பாயான் பாரு தொழிற்சாலையிலிருந்து மார்த்தா சீருடையோடு நேராக வந்திருந்தாள்.

நட்டாலிக்கு மனசு கேட்கவில்லை. “உங்க வீட்டுக்காரரா அக்கா? தவறி ரொம்ப நாளாச்சா?”

மார்த்தா சற்றுத் தயங்கினாள். “தவறலை நட்டாலி. அவன் என் சூப்பர்வைசர் லா. காலையிலகூட எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டினான். அவன் மனசு மாறணும்னுதான் பூசை.”

நட்டாலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ, இத்தனை மாசமும் பூசையில செத்தவங்களோட சேர்த்துல்ல அவர் பேரை வாசிக்கச் சொன்னேன்.”

“தெரியும். ஒவ்வொரு தடவையும் கேட்கக் கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு. அதான் சொல்லாம விட்டுட்டேன்.” மார்த்தா குரலைத் தாழ்த்தினாள். “ஃபாதர் இருக்காரா? இந்தப் பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணணும்.”