முதுகில் கட்டிய மூட்டை

"பெத்த பிள்ளையை என் கையில திணிச்சுட்டு, துணி மூட்டையை முதுகுல கட்டிக்கிட்டு ஓடினவதானே நீ?"

அல்கனெஷ் இதைச் சொல்வது இன்றைக்கு நாலாவது தடவை. பட்டாளத்துக்குப் பயந்து ஒளிந்திருந்த குகைகளிலிருந்து ஊர் திரும்பி இரண்டு நாள்தான். அதற்குள் இந்த டிக்ராய் மலையில் இதைக் கேட்காத காது இல்லை.

"தம்பி வரட்டும், சொல்றேன். பட்டாளத்தான் சுடுறான், இவளுக்குக் கல்யாணத் துணி பெருசாப் போச்சு."

"சொல்லுங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி லெத்தாய், காப்பிக்கொட்டையை வறுத்தபடி.

கோயில் மணி விடாமல் அடித்தது. தெருவே ஓடியது.

"புத்தகம் கிடைச்சிருச்சு!"

கோயிலின் அறுநூறு வருஷத்து ஆட்டுத்தோல் வேதப் புத்தகம். பட்டாளம் கோயிலைச் சூறையாடியதில் போயிற்று என்று ஊரே அழுது ஓய்ந்திருந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள். தெக்லே பாதிரியாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புத்தகத்தைப் பச்சைப்பிள்ளை போல ஏந்தியிருந்தார்.

"கருவறைத் திரைக்குப் பின்னால, வச்ச இடத்துலயே இருக்கு. பட்டாளம் வர்றதுக்கு முன்ன யாரோ எடுத்துட்டுப் போய்த் திரும்ப வச்சிருக்காங்க."

"நீங்க எடுக்கலையா சாமி?"

"பாதிரிமார் நாங்க நாலு பேரும் உங்களுக்கு முன்னாடியே குகைக்குப் போயிட்டோமே."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

"அப்ப திரைக்குள்ள போனது யாரு? ஆம்பளைன்னா விருந்து வைப்போம். பொம்பளைன்னா ஊரைவிட்டு விலக்கணும். சட்டம் அப்படி."

புத்தகத்தை முத்தமிட வரிசை நின்றது. அல்கனெஷ்தான் முதல். குனிந்தாள். உதட்டில் பிசுக்கென்று ஏதோ ஒட்டியது.

வெண்ணெய். அட்டையின் மேல் விளிம்பு முழுக்க. முதுகில் கட்டித் தூக்கும் பிள்ளையின் நெற்றியில், அம்மாவின் வெண்ணெய் தடவிய பின்னல் அப்பிவிடுமே, அதே பிசுக்கு.

திரும்பிப் பார்த்தாள். வரிசையின் கடைசியில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லெத்தாய் தரையைப் பார்த்து நின்றாள்.

அல்கனெஷ் தன் வெள்ளைச் சால்வையால் அட்டையை அழுத்தி, அழுத்தித் துடைத்தாள்.

"என்னம்மா துடைக்கிற?"

"தூசி, சாமி."

மறுபடி ஒரு முத்தம் கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

பாதிரியார் கூட்டத்தைப் பார்த்தார். "யாருன்னு சொல்லுங்கப்பா." பிறகு அல்கனெஷ் பக்கம் திரும்பினார்.

"அல்கனெஷ், உனக்குத் தெரியாத சேதி இந்த ஊர்ல ஏது? நீயாவது சொல்லும்மா."