இரண்டு வளைவுகள்

மூன்றை எட்டாக்க ரப்பர் தேவைப்படவில்லை. இடது பக்கம் இரண்டு சின்ன வளைவுகள் போதும். பானுப்பிரியா டீச்சர் குனிந்து, எழிலின் விடைத்தாளில் அந்த இரண்டையும் பென்சிலால் போட்டாள்.

இருபத்து மூன்று, இருபத்தெட்டு ஆனது. அடுத்த கணக்கில் நாற்பத்தொன்றை நாற்பத்தேழாக்க ஒரே ஒரு கோடு.

"என்ன டீச்சர், இன்னும் மார்க்குப் போட்டு முடியலையா?"

நிமிர்ந்தாள். வாசலில் தலைமையாசிரியர் ஜெயச்சந்திரன் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் குழாயடியில் எழில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிருச்சு சார். கழித்தல்ல பத்துப் பேரு தேறலை."

"அப்பாடா! பத்துக்குக் கொறைஞ்சா சாயங்கால வகுப்ப நிறுத்திருவாகன்னு பயந்துகிட்டே இருந்தேன். பிள்ளைக தேறலைன்னதும் சந்தோசப்படுற வாத்தியாருக நம்ம ரெண்டு பேராத்தான் இருப்போம்." அவர் சிரித்துக்கொண்டே போனார். அவளால் சிரிக்க முடியவில்லை.

உண்மையில் தேறாதவர்கள் ஒன்பது பேர்தான். எழில் ஐந்து கணக்கையும் சரியாகப் போட்டிருந்தாள்.

ஆனால் மூன்றாம் வகுப்பில் பத்துப் பேராவது பின்தங்கியிருந்தால்தான் வகுப்பு மொத்தத்துக்கும் மாலை ஆறு மணிவரை சிறப்பு வகுப்பு நடத்தலாம். அது இல்லையென்றால் பிள்ளைகள் நாலு மணிக்கே வீட்டுக்குப் போய், பட்டாசுக்கு வைக்கும் கருந்திரியை நறுக்க உட்கார்ந்துவிடுவார்கள். போன சீசனில் அப்படி உட்கார்ந்த பாண்டிராஜ் இப்போது இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறான்.

அதை நினைத்துத்தான் செய்தாள்.

திருத்திய தாள்கள் பெற்றோர் கையெழுத்துக்காக வீட்டுக்குப் போயின. அடுத்த வாரம் மதிப்பீட்டுக் கூட்டம் நடந்தது. அவள் கொடுத்த பட்டியலைப் பார்த்து முடிவு செய்தார்கள்: அடுத்த தேர்வுவரை மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் வேண்டாம். கழித்தலையே முதலிலிருந்து நடத்த வேண்டும்.

அதன் கீழே பானுப்பிரியா கையெழுத்துப் போட்டாள்.

எழிலின் அம்மா முருகம்மாள், பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து வரும் வழியில் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் அவளை நிறுத்தினாள்.

"டீச்சர், எம்மக மக்குப் பிள்ளையா?"

"இல்லக்கா. யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ரெண்டாப்புல மொத மார்க்கு வாங்குனவ, இப்ப முட்டை வாங்கிட்டு வந்திருக்கா. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத நானே பெட்டிக்குப் பத்துப் பத்தா எண்ணிப் போடுறேன், ஒனக்கு என்னடி கேடுன்னு கேட்டேன். அந்தத் தாளையே மொகத்துக்கிட்ட வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கா."

"அடுத்த பரீச்சையில சரியாயிரும்க்கா."

"நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுக்கீக. அவளுக்குத்தான் ஏற மாட்டேங்கு."

முருகம்மாள் போன பிறகும் பானுப்பிரியா வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

இரண்டு மாதம் கழித்தலே நடந்தது. பத்தைக் கடன் வாங்குவது எப்படி என்று பலகையில் எழுதும்போதெல்லாம், முன்வரிசையில் எழில் தாடையில் கைவைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை மட்டும் கேட்டாள்.

"நாலாம் வாய்ப்பாடு எப்ப டீச்சர்?"

"பெறகு."

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது இரண்டாவது தேர்வு வந்தது. இந்த முறை பென்சிலைத் தொடுவதில்லை என்று பானுப்பிரியா முடிவு செய்திருந்தாள். பட்டியல் உள்ளபடி போகட்டும். வகுப்பு நின்றால், வீடு வீடாகப் போய்க் காலில் விழுந்தாவது பிள்ளைகளைத் திரிக்குப் போகாமல் தடுக்கலாம்.

தாள்களைத் திருத்தினாள். இரண்டு பேர் ஏறியிருந்தார்கள். வேறு இரண்டு பேர் இறங்கியிருந்தார்கள். மறுபடியும் ஒன்பதுதான். எழிலின் தாள் மட்டும் மிச்சம்.

அதில் முதல் கணக்கு தப்பு. இரண்டாவதும் தப்பு. ஐந்தும் தப்பு.

பத்து. முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த நொடியே அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டாள்.

தெரிந்த பிள்ளையைத் தெரியாது என்று எழுதினேன். தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்க வைத்தேன். கடைசியில் தெரியாமலே போய்விட்டது. பானுப்பிரியா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டில் இருந்த எட்டு, கோணலாக, ஒட்டுப் போட்டதுபோல இருந்தது. எண்களை எழுதக்கூட மறந்துவிட்டாளா?

மற்ற பிள்ளைகள் விளையாடப் போன பிறகு கூப்பிட்டாள்.

"எழிலு, இங்கன வாம்மா."

வந்து நின்றாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனிகளில் கருந்திரியின் கறுப்பு இல்லை. பென்சில் கரி மட்டும்தான்.

"எண்பத்தொண்ணுல முப்பத்தெட்டு போனா எம்புட்டு? தெரியலைன்னா பரவாயில்ல. தப்பு எம்மேலதான்."

வெளியே பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. வெம்பக்கோட்டை பஸ் ஒன்று வந்து நின்று போனது.

பிறகு எழில் கதவை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இந்தத் தடவ நீங்க மாத்த வேணாம் டீச்சர். நானே தப்பாப் போட்டுட்டேன்."